துரையின் தூக்கம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான், இவர், துரை மூவரும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? காப்பகத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதே என்று போன தடவையே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

இனி போன் வேண்டாம், கடிதமே போடலாம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. அன்றைக்கு நான் பேசியதில் பாதியை விமானம் கொண்டுபோய்விட்டது. நீ "என்னடி, என்னடி" என்று கேட்டுக் களைத்துப்போனாய். எங்கள் தெருவில் இதற்கென்றே ஒரு பழக்கம் வந்துவிட்டது. பேசும்போது விமானம் வந்தால் ஒரு கையைத் தூக்குவோம். அது போனதும் கையை இறக்கிவிட்டு, விட்ட இடத்தில் பேச்சைப் பிடிப்போம். சண்டையிலும் அப்படித்தான். எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும் கையைத் தூக்கியபடி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நீ வயிறு வலிக்கச் சிரிப்பாய். சில நாள் விமானம் போன பிறகு எதற்குச் சண்டை என்பதே மறந்து உள்ளே போய்விடுகிறார்கள்.

ஒரு செய்தி. புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது. விமான நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் தூக்கம் கெடுகிறது என்று நிரூபித்தால், இரவில் விமானம் இறங்கக் கூடாது என்று தீர்ப்பாயம் உத்தரவு போடலாமாம். பிள்ளைகள் படுக்கும் அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் விமான நிலையத்துச் செலவிலேயே மாட்டித் தரவேண்டுமாம். தெருவின் சார்பில் மருந்துக்கடை அம்மா மனுப் போட்டிருக்கிறார். காயப்போட்ட துணியிலெல்லாம் கரி படிகிறதே, அதையும் சேர்த்துத்தான் எழுதினார். புகைக்கு வேறு ஆபீஸ் என்று அந்தப் பகுதியை மட்டும் அடித்துத் திருப்பிவிட்டார்கள். சத்தத்துக்கு ஓர் ஆபீஸ், புகைக்கு ஓர் ஆபீஸ். விமானம்தான் பாவம், விவரம் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டுகிறது.

ஓர் அதிகாரி வந்து ஒரு வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுதுவாராம். எங்கள் வீட்டைத்தான் காட்டப் போகிறார்கள். "கைக்குழந்தை இருக்கற வீடு, ஓடுபாதைக்கு நேரா வேற. கேஸ் நிக்கும்" என்கிறார் மருந்துக்கடை அம்மா. இவருக்குத்தான் கலக்கம். விமான நிலையத்திலேயே பெட்டி இழுக்கிற வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்கள் மேலேயே மனுவா என்று கேட்கிறார். சம்பளம் தருகிறவன் தூக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். விமானம் வந்தது. கையைத் தூக்கினார். அது போனதும் குளிக்கப் போய்விட்டார்.

துரைக்கு எட்டாம் மாதம். உருண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். தூக்கம் மட்டும் அப்படியொரு தூக்கம் அக்கா! தலைக்கு மேலே விமானம் உரசிக்கொண்டு போனாலும் இமை அசையாது. தெருவில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் அலறும்போது இவன் மட்டும் துரை மாதிரி கால் மேல் கால் போட்டுத் தூங்குவான். அதனால்தான் இந்தப் பெயரே வந்தது. கண் படப்போகிறது என்று பயமாக இருக்கிறது.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

உன் வாயாடி


ஜனவரி 20

அடி வாயாடி,

நீ, மாப்பிள்ளை, குட்டித்துரை எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று படித்ததில் மனது நிறைந்தது. என் முட்டி என்னை விட நன்றாக இருக்கிறது. நான்தான் அதற்காக நொண்டிக்கொண்டிருக்கிறேன்.

கை தூக்கும் கதையைக் காப்பகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். சமையல்காரம்மா இப்போது நான் திட்ட ஆரம்பித்தாலே கையைத் தூக்கிவிடுகிறாள்.

இங்கே துரை வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. யாராவது மூடியைக் கீழே போட்டால் போதும், தூக்கிவாரிப்போட்டு எழுந்து ஊரைக் கூட்டும். அவளுடைய அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையைத் திருப்பிப் பார்க்கும். இந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும். துரை எப்படி? நீ பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா? மாப்பிள்ளை வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கிறானா? சும்மாதான் கேட்கிறேன். பிள்ளைகளைப் பற்றி யாரிடமும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பது என் தொழில் புத்தி.

ஒரு கிலுகிலுப்பை அனுப்புகிறேன். அவன் முகத்துக்கு நேரே காட்டாதே, பிடுங்கிக்கொள்வான். முதுகுக்குப் பின்னால் இருந்து ஆட்டி விளையாட்டுக் காட்டு. என்ன செய்தான் என்று மறக்காமல் எழுது.

மாப்பிள்ளையிடம் வேலையை நினைத்துப் பயப்படவேண்டாம் என்று சொல். உன் இருமல் இப்போது எப்படி? போன மாதம் போனில் விமானத்தையும் மீறிக் கேட்டது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இருமல் வருகிறது, போகிறது. எங்கள் வீட்டு விருந்தாளி மாதிரி, போகும்போதே எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறது.

கிலுகிலுப்பை வந்து சேர்ந்தது. சிவப்பும் மஞ்சளுமாக அழகாக இருக்கிறது. துரைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பார்த்தவுடனே பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். இப்போது தூங்கும்போதும் கையில் வைத்திருக்கிறான்.

நீ என்னென்னவோ கேட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாகச் சொல்லிவிடுகிறேன். விழித்திருக்கும்போது விமானம் வந்தால் துரை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்புகிறான்! தவழ்ந்து போய்க் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். விமானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் கையைத் தூக்குவதற்கு முன்னால் அவன் ஜன்னலுக்குப் போய்விடுகிறான். போதுமா? உன் காப்பகத்துப் பிள்ளைகளில் யாராவது விமானம் பிடிப்பார்களா?

அதிகாரி இந்த மாதக் கடைசியில் வருகிறாராம். வீட்டை ஒழுங்குபண்ண வேண்டும். ஜன்னல் விளிம்பில் எத்தனை தடவை துடைத்தாலும் கரி. அதை அப்படியே விட்டுவை, அவர் பார்க்கட்டும் என்கிறார் மருந்துக்கடை அம்மா. அழுக்கு வீடு என்று என்னைத்தானே நினைப்பார்? துடைத்துவிட்டேன்.

உன் வாயாடி


பிப்ரவரி 15

அன்புள்ள தங்கைக்கு,

சுகம்தானே? உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. ஏன் என்று கேட்காதே. விமானம் பிடிக்கிற பிள்ளை எங்கள் காப்பகத்தில் இல்லை, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். அன்று முழுக்க என் முகம் மலர்ந்திருந்ததாம். சமையல்காரம்மா கேலி செய்தாள்.

அதிகாரியிடம் பார்த்துப் பேசு. உன் வாய்க்குப் பூட்டு கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

அக்கா

மடித்த பிறகு மறுபடியும் பிரித்து இதை எழுதுகிறேன். விமானம் வரும்போது உங்கள் ஜன்னல் கண்ணாடி அதிருமா? தரையும் அதிருமா?


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் முட்டியும் அப்படியே இருக்கட்டும்.

அதிகாரி வந்துபோனார்! ஒல்லியான மனிதர். செருப்பை வாசலிலேயே ஜோடி சேர்த்து வைத்தார். மூன்று காலில் ஒரு கருவியை நிறுத்திவிட்டு, யாரும் பேசக்கூடாது என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்தார். துரைக்குப் பகல் தூக்க நேரம். கிலுகிலுப்பையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். முதல் விமானம் வந்தது. அதிகாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தே விட்டார், பேனா கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது! நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். விமானம் போனதும் அவர் முதலில் பார்த்தது துரையைத்தான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"என்னம்மா, அசையவே இல்லையே? எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எங்க துரை அசைய மாட்டான் சார். பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான். விமானமெல்லாம் இவனுக்குத் தாலாட்டு மாதிரி" என்றேன்.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அடுத்தடுத்த விமானங்களுக்கும் துரை அப்படியே கிடந்தான். கிளம்பும்போது, "கொடுத்துவச்ச பிள்ளைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெற்றவளுக்கு அந்தப் பெருமைகூட இருக்கக் கூடாதா? கருவியில் முள் எகிறிக் குதித்ததை நானே பார்த்தேன். மருந்துக்கடை அம்மா நம் பக்கம்தான் ஜெயிக்கும் என்கிறார்.

இவருக்கு இப்போதெல்லாம் நான் மெதுவாகப் பேசினால் கேட்பதில்லை. வேலையில் காதுக்குக் கவசம் கொடுத்திருக்கிறார்கள். பேச வசதியில்லை என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன். துரை எழுந்துவிட்டான்.

உன் வாயாடி


மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. நீ பதில் எழுதாததே எனக்குப் பதிலாகிவிட்டது.

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்துத்தான் அனுப்புகிறேன். துரை கண்ணாடி அதிர்வதால்தான் ஜன்னல் பக்கம் திரும்புகிறான் என்று நினைக்கிறேன். சத்தம் கேட்டு இல்லை. தூக்கத்தில் அவன் அசையாததற்கும் அதுதான் காரணம். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஜனவரியில் உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே பயந்தேன். நேராகக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

கோபப்படாதே. காப்பகத்துக்கு வரும் டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். காது பார்க்கும் டாக்டரிடம் உடனே போகச் சொல்கிறார். இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியமாம். காதில் விழாத பேச்சு பிள்ளையின் மூளைக்கும் போகாதாம், நாளாக ஆக அந்த வழி அடைத்துப்போகுமாம். சீக்கிரம் போனால் செய்வதற்கு நிறைய இருக்கிறதாம்.

நான் சொல்வது தப்பாக இருந்தால் என்னை வாய் வலிக்கும்வரை திட்டு. சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் போ. நாளைக்கே போ.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள தங்கைக்கு,

தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார். நீங்கள் மூவரும் நலம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "என்னங்க அண்ணி, சொல்லுங்க" என்றார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், உங்கள் விமானம் வந்துவிட்டது. அது போவதற்குள் எனக்குத் தைரியம் போய்விட்டது. துரை எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டேன். "நல்லாத் தூங்கறான்" என்றார். அவருக்கு நீ எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்தது. படித்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன். பெற்றவளுக்குத் தெரியாதது தூரத்தில் இருக்கிறவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும்.

அதிகாரியின் அறிக்கை வந்திருக்கிறது. கருவி காட்டிய அளவெல்லாம் அதில் சரியாகத்தான் இருக்கிறதாம். ஆனால் சட்டத்துக்கு அளவு மட்டும் போதாதாம், தூக்கம் கெட வேண்டுமாம். "ஓடுபாதைக்கு மிக அருகில் உள்ள இவ்வீட்டில் கைக்குழந்தை எவ்வித இடையூறுமின்றி ஆழ்ந்து உறங்கியது. பிறந்தது முதல் இவ்வாறே உறங்குவதாகத் தாயும் கூறினார்." இதை மருந்துக்கடை அம்மா கடை வாசலில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானமும் வரவில்லை.

இப்போது தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. எதிர்வீட்டு மருமகளின் பிள்ளைக்குத் தூக்கமில்லாமல் உடம்பு தேறவே இல்லை. "உன் பிள்ளை தூங்கினா என் பிள்ளையும் தூங்கிருச்சா? யாருடி உன்னைப் பெருமை பேசச் சொன்னா?" என்று நடுத்தெருவில் கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் கண்ணைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

மருந்துக்கடை அம்மா நேற்று வந்தார். அடுத்த மாதம் விசாரணை. "இருமல் மருந்து குடுத்திருந்தேன், அந்த மயக்கத்துல தூங்கிட்டான்னு சொல்லிடு. என் கடையில வாங்கினதுன்னு நான் சொல்றேன். ஒரு வார்த்தைம்மா, தெருவே பொழைச்சுக்கும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கும் அதுதான் சுலபமாகத் தோன்றுகிறது. மருந்தில் மயங்கித் தூங்கிய பிள்ளை. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இப்போது உனக்குத் திருப்திதானே?

தங்கை


மே 9

என் கண்ணே,

எனக்கு எதில் திருப்தி? உன்னை இந்தக் கையால் தூக்கி வளர்த்தவள் நான்.

மருந்து என்று சொல்வதானால் சொல். உலகத்தில் யாரும் சொல்லாத பொய் இல்லை. நீ என்ன சொன்னாலும் நான் உன் பக்கம்தான். ஆனால் விசாரணைக்குப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் போ. தீர்ப்பாயத்துக்காக இல்லை, எனக்காக இல்லை, அவனுக்காக. பஸ் செலவுக்கென்று சாக்குச் சொல்லாதே, இதனுடன் வைத்திருக்கிறேன்.

விடுப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே வந்திருப்பேன்.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? இதை நீ உட்கார்ந்து படி.

விசாரணை முடிந்தது. அதற்கு முந்தின வாரம் யாரிடமும் சொல்லாமல் துரையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சுவரெல்லாம் மெத்தை வைத்த ஓர் அறை. என் மடியில் அவனை உட்காரவைத்து, பின்னால் இருந்து என்னென்னவோ சத்தம் போட்டார்கள். கடைசியில் வந்த சத்தத்துக்கு நானே துள்ளினேன். அவன் என் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பிறவியிலேயே இப்படியாம். விமானத்தால் வந்ததா என்று கேட்டேன், அக்கா. ஆமாம் என்று சொல்லமாட்டாரா என்றிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார். அதை மெதுவாகத்தான் சொன்னார். அந்த அறையில் எல்லாமே நன்றாகக் கேட்டது.

இவரிடம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பிப்பேன், விமானம் வரும், இருவரும் கையைத் தூக்குவோம். அது போன பிறகு, "என்ன சொல்ல வந்த?" என்பார். தண்ணீர் வரவில்லை என்பேன். உப்புத் தீர்ந்துவிட்டது என்பேன். ஒரு வாரம் இப்படியே போனது.

விசாரணை மண்டபம் நகரத்தின் அந்தக் கோடியில். விமானம் போகாத இடம். மின்விசிறி சுற்றுவது, யாரோ பேப்பரைப் புரட்டுவது எல்லாம் காதில் விழுந்தது. எங்கள் தெருவே பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. இவரும் வேலையிலிருந்து அப்படியே வந்து கடைசி வரிசையில் இருந்தார், கவசம் கழுத்தில். விமான நிலையத்து வக்கீல் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அறிக்கையைப் படித்தார்.

"பிள்ளை அசையாம தூங்கறான்னு நீங்களே சொன்னீங்க, இல்லையாம்மா?"

"சொன்னேங்க."

"அப்ப சத்தத்தால தூக்கம் கெடலைன்னுதானே அர்த்தம்?"

மருந்துக்கடை அம்மா முன்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் மருந்து நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இன்னொரு அதிகாரியை அனுப்புவார்கள். துரை இன்னொரு தடவையும் தூங்குவான். அதுவும்தான் நினைத்தேன். ஆனால் உண்மையில் என்னைத் தடுத்தது அது இல்லை. மருந்து என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு வாழ்நாள் முழுக்க ஏதாவது ஒரு மருந்தைத் தேடிக்கொண்டே இருப்பேன் என்று தோன்றியது.

வாயைத் திறந்தேன். என்னை அறியாமல் கை மேலே போய்விட்டது. விமானத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறேன் அக்கா! அது வந்து இந்த வார்த்தையையும் கொண்டுபோய்விடும் என்று. தீர்ப்பாயத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சத்தியம் முதல்லயே எடுத்தாச்சும்மா, கையைக் கீழ போடுங்க" என்றார். வக்கீல் சிரித்தார். எங்கள் தெருக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. விமானமும் வரவில்லை.

"என் பிள்ளைக்குக் காது கேக்காதுங்க" என்றேன்.

இவருக்குச் சரியாக விழவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன சொல்றா?" என்று கேட்டார். அந்த மனிதர் இவருக்கு அதைத் திருப்பிச் சொன்னார். தன் பிள்ளையைப் பற்றி இவர் தெரிந்துகொண்டது அப்படித்தான், இன்னொருவர் வாயிலிருந்து. அதை மட்டும் என்னால் என்றைக்கும் சரி செய்ய முடியாது.

இவர் வேலைக்குத் திரும்பாமல் வீட்டுக்கு வந்தார். வந்ததும் துரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, காதருகே வாயை வைத்துக் கூப்பிட்டார். வேலையிடத்தில் கூப்பிடுகிற மாதிரி தொண்டை கிழியக் கூப்பிட்டார். அவன் மூச்சுக்காற்று கூசிச் சிரித்தான். இவர் அழுதார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிலுகிலுப்பை வந்த அன்றைக்கே, நீ சொன்ன மாதிரி முதுகுக்குப் பின்னால் ஆட்டிப் பார்த்தேன். அதிகாரி வந்தபோது எனக்குத் தெரியும். பின் ஏன் பெருமை பேசினேன்? ஓர் அதிகாரி பார்த்து, நன்றாகத் தூங்குகிற பிள்ளை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், அவன் வெறுமனே நன்றாகத் தூங்குகிற பிள்ளையாகவே ஆகிவிடுவான் என்று நினைத்தேனோ என்னவோ.

தங்கை


ஜூன் 27

என் தங்கமே,

படித்தேன். உட்கார்ந்துதான் படித்தேன், எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. நான் கோணல் வழியாகவே கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். முதல் கடிதத்திலேயே நேராகக் கேட்டிருந்தால் ஒரு மாதமாவது மிச்சமாகியிருக்கும். நாம் இருவரும் ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள்தான், சந்தேகமில்லை.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? நீ சாப்பிடுகிறாயா? டாக்டர் அடுத்து என்ன சொன்னார்? எல்லாவற்றையும் எழுது.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முட்டிக்குப் பெல்ட் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய், அதைப் போட்டுக்கொள், பெட்டியில் வைத்துப் பூட்டாதே.

தீர்ப்பு வந்துவிட்டது. அறிக்கையில் துரையைப் பற்றிய வரிகளை நீக்கிவிட்டார்கள். அது நீங்கியதும் மற்றதெல்லாம் நம் பக்கம் சாய்ந்துவிட்டது. இரவில் விமானம் இறங்கவோ ஏறவோ கூடாது. பிள்ளைகள் படுக்கும் அறைகளுக்கு ஜன்னல். போன வாரம் ஆட்கள் வந்து வீடு வீடாக மாட்டினார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். சத்தத்தால் உறக்கம் கெடும் குழந்தை இவ்வீட்டில் இல்லை என்று உத்தரவிலேயே இருக்கிறதாம். நான் சொன்னதை வைத்துத்தான். மருந்துக்கடை அம்மா கொதித்துப்போய், மேல்முறையீடு செய்யலாம் என்றார். வேண்டாம் என்றேன். பகலில் விமானம் வரும்போது அந்தக் கண்ணாடி அதிர்ந்தால்தான் துரைக்குச் சிரிப்பு. புதுக் கண்ணாடி அதிராதாம்.

எதிர்வீட்டு மருமகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிள்ளை இப்போது நன்றாகத் தூங்குகிறதாம், கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. தெருவே அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறது.

காதில் மாட்டும் கருவிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. மாட்டினாலும் எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம். இவர் வேலையில் கவசத்தைக் கழுத்திலிருந்து காதுக்கு ஏற்றிவிட்டார். "வீட்ல ஒரு ஆளுக்காவது கேக்கணும்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு விஷயம் மட்டும் நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காதது. இரவில் விமானம் நின்றதிலிருந்து துரை தூங்குவதில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்குக் கட்டில் அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இப்போது அது நின்றுவிட்டது. திடுக்கிட்டு எழுகிறான். தவழ்ந்து போய்க் கண்ணாடியில் கையை வைத்துப் பார்க்கிறான். எடுத்து மறுபடியும் வைக்கிறான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து அழுகிறான். தெரு முழுக்கத் தூங்கும்போது அவன் ஒருவன் மட்டும் விழித்திருக்கிறான். இதற்கு எந்த ஆபீசில் மனுப் போடுவது?

தூக்கி மடியில் போட்டுக்கொள்கிறேன். அவன் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துப் பேசுகிறேன். பேசப் பேச அவன் அழுகை நிற்கிறது. நான் நிறுத்தினால் கண்ணைத் திறந்துவிடுகிறான். நானும் எவ்வளவுதான் பேசுவேன்? வாயாடி என்று பேர் வைத்தாய், எனக்கே பேச்சுத் தீர்ந்துவிட்டது. அதனால் உன் கடிதங்களை எடுத்து வாசிக்கிறேன். முட்டி வலி, சமையல்காரம்மா, செருப்புச் சத்தத்துக்குத் திரும்பும் அந்தப் பெண் குழந்தை, எல்லாம் அவன் கைக்குள் போகிறது. கிழித்துவிட்டேன் என்று எழுதினேனே, அந்த மார்ச் மாதக் கடிதம், அதைக் கிழிக்கவில்லை. அதையும்தான் வாசிக்கிறேன். கடைசியில் அதை எடுப்பதால் அது முடிவதற்குள் தூங்கிவிடுகிறான்.

எல்லாம் வாசித்து முடித்தாகிவிட்டது, அக்கா. இனிமேல் எழுதும்போது கொஞ்சம் நீளமாக எழுது.

உன் வாயாடி